புகைக்கும் ஓர் அடங்கல்

ஸ்வீடனில் 1940-களின் கடைசியில் வேளாண் ஆய்வாளர்கள் ஊர் ஊராக ஜாடி வைத்து மழைநீர் பிடிக்கத் தொடங்கினார்கள். வயலுக்கு வானத்திலிருந்து எவ்வளவு சத்து தானாக வந்து சேர்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். ஹான்ஸ் எக்னேர் என்ற வேளாண் வேதியியலாளர் ஆரம்பித்த வேலை அது. பக்கத்து நாடுகளும் சேர்ந்துகொண்டதால் ஜாடிகள் பெருகின. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்த அளவீடுகளை உப்சாலாவில் ஸ்வான்டே ஓடேன் என்ற மண்ணியல் அறிஞர் வரிசைப்படுத்திப் பார்த்தார். மழையில் அமிலம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்திருந்தது. 1967-ல் 'டாகன்ஸ் நீஹேட்டர்' நாளிதழில் அதை எழுதினார். ஏரியில் மீன் சாகக் காரணமான கந்தகம் பெரும்பாலும் ஸ்வீடனுடையது அல்ல, கடல் தாண்டி பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்பது அவர் வாதம்.

அந்த நாடுகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வைக்க வேண்டுமானால் யார் எவ்வளவு புகை விடுகிறார்கள் என்ற கணக்கு வேண்டும். அப்படி ஒரு கணக்கு அப்போது எந்த நாட்டிடமும் ஒழுங்காக இல்லை. ஒரு நாடு தன் புகையை எப்படி எண்ண வேண்டும், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற விதிகள் எப்படி உண்டாயின என்பதுதான் நான் சொல்ல வந்த கதை. நான் வேதிப் பொறியாளர். பணிக்காலம் முழுவதும் கொதிகலன்களுக்கும் சூளைகளுக்கும் உமிழ்வுக் கணக்குப் போட்டவன். அந்தக் கணக்குக்கென்று ஐரோப்பா பின்னால் வெளியிட்ட கையேடு என் மேசையை விட்டு அகன்றதே இல்லை. அமில மழையைக் குறைத்த உடன்படிக்கைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த உடன்படிக்கைகள் கால் ஊன்றி நின்ற இந்தப் படிவத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

கந்தகத்தை எண்ணுவது சுலபம். ஒரு டன் நிலக்கரியில் 2 சதவீதம் கந்தகம் இருந்தால் 20 கிலோ. எரியும்போது ஒவ்வொரு கந்தக அணுவும் இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை இரட்டிக்கும். சாம்பலில் தங்கும் கொஞ்சத்தைக் கழித்தால் 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கந்தக டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போகும். எவ்வளவு கரி எரித்தாய், அதில் எவ்வளவு கந்தகம் என்ற இரண்டு கேள்விக்கு விடை இருந்தால் போதும். நைட்ரஜன் ஆக்சைடு இப்படி மடங்காது. அது எரிபொருளோடு நிற்காமல், சுடரின் வெப்பத்தையும் பர்னரின் அமைப்பையும் பொறுத்து மாறும். ஐரோப்பா கந்தகத்தில் ஆரம்பித்தது அதன் நல்ல காலம். கடினமானதில் ஆரம்பித்திருந்தால் முதல் கூட்டத்திலேயே சண்டை போட்டுக் கலைந்திருப்பார்கள்.

1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் மனிதச் சூழல் மாநாடு கூடியபோது, வானிலை அறிஞர் பெர்ட் போலின் தலைமையில் தயாரான கந்தக அறிக்கையை ஸ்வீடன் அங்கே வைத்தது. அதே ஆண்டு ஓ.இ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பின் கீழ் 11 மேற்கு ஐரோப்பிய நாடுகள் கூட்டாய்வு தொடங்கின. நார்வேயின் காற்று ஆய்வு நிறுவனமும் அதன் இயக்குநர் பிரின்யுல்ஃப் ஓட்டாரும் அதை நடத்தினார்கள். ஐரோப்பிய வரைபடத்தின் மேல் 127 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஆண்டுக்கு எத்தனை டன் கந்தகம் கிளம்புகிறது என்று நிரப்பினார்கள். காற்று வீசும் திசையை வைத்து அது எங்கே போய் விழுகிறது என்று கணக்கிட்டார்கள். 1977-ல் முடிவு வந்தது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் விழும் கந்தகத்தில் பெரும்பகுதி அயல்நாட்டுச் சரக்கு. லண்டன் போன்ற நகரங்களின் காற்றைச் சுத்தமாக்க உதவிய உயரமான புகைபோக்கிகள் புகையை மேலே ஏற்றி அடுத்த நாட்டுக்கு அனுப்பியிருந்தன.

ஆனால் இந்த ஆய்வில் கிழக்கு ஐரோப்பா இல்லை. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, சோவியத் யூனியன் எல்லாம் வரைபடத்தில் இருந்தன, கணக்கில் ஒத்துழைக்கவில்லை. அவர்களை உள்ளே கொண்டுவந்தது பனிப்போர் அரசியல்தான். 1975-ல் ஹெல்சிங்கியில் கிழக்கும் மேற்கும் பாதுகாப்பு, ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்ட பிறகு, பேசுவதற்கு ஆபத்தில்லாத பொருள் ஒன்று தேவைப்பட்டது. சுற்றுச்சூழல் பற்றி ஐரோப்பிய அளவில் மாநாடு கூட்டலாம் என்று சோவியத் தலைவர் பிரெஷ்னேவே சொன்னார். நார்வேயும் ஸ்வீடனும் அந்தக் கதவில் கால் வைத்தன. 1979 நவம்பர் 13 அன்று ஜெனீவாவில், எல்லை தாண்டும் தொலைதூரக் காற்று மாசு உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு டன் புகையைக்கூடக் குறைக்கச் சொல்லாத உடன்படிக்கை அது. அதில் உருப்படியாக இருந்தது கணக்குக் கேட்கும் பகுதி.

அதன் 8-ஆம் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒத்துக்கொண்ட அளவுள்ள கட்டங்களிலிருந்து வெளியாகும் மாசுகளின் அளவை, கந்தக டை ஆக்சைடில் தொடங்கி, நாடுகள் பரிமாறிக்கொள்ள வேண்டும். அது முடியாதென்றால் தங்கள் எல்லையைத் தாண்டும் மாசின் அளவை மட்டுமாவது தர வேண்டும். இந்த இரண்டாவது வழி சோவியத் யூனியனுக்காகத் திறந்துவிட்டது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு புகை என்று காட்டினால் ஆலை எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரியது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். ராணுவத் தொழிற்சாலைகளும் அதில் அடக்கம். அதனால் கட்டத்தைக் காட்டமாட்டோம், எல்லையில் கடந்துபோகும் மொத்தத்தைச் சொல்கிறோம் என்றார்கள். அந்த மொத்தத்தைக் கணக்கிட மாஸ்கோவிலேயே ஒரு மையம் இயங்கியது. மேற்கே அதே வேலையை ஆஸ்லோவின் வானிலை நிறுவனம் செய்தது.

இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தன் புகைபோக்கியைக் காட்ட விரும்பாத வல்லரசு ஒன்று, தன் எல்லை தாண்டிப் புகை போகிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். ஆனால் விட்டுக்கொடுத்ததற்கு விலையும் இருந்தது. 1985-ல் ஹெல்சிங்கியில் முதல் கந்தக நெறிமுறை வந்தபோது, 1980-இன் அளவிலிருந்து 1993-க்குள் குறைந்தது 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றார்கள். எதைக் குறைப்பது? உமிழ்வை, அல்லது எல்லை தாண்டும் அளவை. நெறிமுறையின் தலைப்பிலேயே அந்த இரண்டும் இருக்கின்றன. பெரிய நாடு ஒன்று ஆலையை மேற்கு எல்லையிலிருந்து கிழக்கே தள்ளிவைத்தே கணக்கை நேர்செய்ய இடம் கிடைத்தது. அதே சமயம் நார்வே எல்லையை ஒட்டிக் கோலா தீபகற்பத்தில் நிக்கல் ஊரின் உருக்காலை பக்கத்துக் காட்டைக் கருக்கிக்கொண்டிருந்தது. அந்த ஆலை 2020-ல்தான் மூடப்பட்டது.

ஆஸ்லோ மையத்தில் அன்டன் எலியாசனும் அவரோடு இருந்தவர்களும் ஆண்டுதோறும் ஒரு பெரிய அட்டவணை போட்டார்கள். ஒரு பக்கம் புகை விட்ட நாடுகள், மறுபக்கம் அதை வாங்கிக்கொண்ட நாடுகள். பழி அட்டவணை என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, எங்கிருந்து வந்தது என்று தீர்மானிக்க முடியாத கந்தகத்துக்கென்று ஒதுக்கிய தனி இடம். தெரியாததை யார் தலையிலாவது கட்டியிருக்கலாம், அல்லது மறைத்திருக்கலாம். அவர்கள் அதைத் தனியே எழுதி எல்லோர் முன்னும் வைத்தார்கள். பின்னால் வந்த விதிகளின் குணம் அங்கேயே தெரிகிறது.

சதவீதம் என்று ஒன்று வந்ததும், தொடக்க ஆண்டின் எண்ணுக்குக் கனம் ஏறிவிட்டது. 1980-இன் கணக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் 30 சதவீதக் குறைப்பு எளிதாகிவிடும். இதற்கெல்லாம் கேள்வி கேட்கிற விதி 1985-ல் இல்லை. கிழக்கு ஜெர்மனி 1982-ல் தன் சுற்றுச்சூழல் தரவு முழுவதையும் அரசு ரகசியமாக்கியது. மூன்று ஆண்டு கழித்து 30 சதவீத நெறிமுறையிலும் கையெழுத்திட்டது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு வெளியான அறிக்கையில்தான் அந்தச் சின்ன நாடு ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் கந்தக டை ஆக்சைடு விட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. லிக்னைட் எரித்த நாடு. பழுப்பு நிலக்கரி பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த எண் வியப்பாக இருக்காது.

அதன் பிறகு நெறிமுறைகள் வரிசையாக வந்தன: 1988-ல் சோஃபியாவில் நைட்ரஜன் ஆக்சைடுக்கு, 1991-ல் ஜெனீவாவில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு, 1994-ல் ஆஸ்லோவில் மறுபடியும் கந்தகத்துக்கு, 1998-ல் ஆர்ஹுஸில் கன உலோகங்களுக்கும் நீடித்த கரிம நஞ்சுகளுக்கும், 1999-ல் கோதன்பர்க்கில் பலவற்றுக்கும் சேர்த்து. கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் கணக்கில் புதுப் பத்திகளைச் சேர்த்தது.

ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்தான் படிவத்தை உண்மையில் வளர்த்தன. கந்தகத்துக்குப் புகைபோக்கியைப் பார்த்தால் போதும். இவை எங்கும் இருந்தன: பெயின்ட், அச்சுமை, பெட்ரோல் பங்க், உலர் சலவை, பைன் காடு, ரொட்டி. ஐரோப்பியச் சமூகம் 1985-ஆம் ஆண்டை வைத்துக் கொரினேர் என்ற பெயரில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மூலங்களைப் பதினோரு பெரிய பிரிவுகளாக வகுக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. மின்னுற்பத்தி முதலில், இயற்கை கடைசியில். 1990-களின் தொடக்கத்தில் ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் உமிழ்வுக் கணக்குக்கென்று ஒரு பணிக்குழு அமைந்தது. அந்தக் குழுவும் கோபன்ஹேகனில் புதிதாகத் திறந்த ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையும் சேர்ந்து 1996-ல் முதல் கையேட்டை வெளியிட்டன. தொகுத்தவர் கார்டன் மெக்கின்னஸ்.

அந்தக் கையேட்டில் மாவு புளித்து ரொட்டி சுடும்போது வெளிவரும் ஆல்கஹாலுக்கும் எண் உண்டு. சாதாரண ஐரோப்பிய ரொட்டி ஒரு டன்னுக்கு 4.5 கிலோ. ஒயினுக்கும், காப்பிக்கொட்டை வறுப்பதற்கும், எரிமலைக்கும் அத்தியாயங்கள் உண்டு. முதன்முதலாகப் புரட்டியபோது இதெல்லாம் தேவையா என்றுதான் பக்கத்து மேசை நண்பர் கேட்டார். எனக்கோ அதைப் படிக்கப் படிக்க மரியாதை கூடியது. ஒரு நாட்டின் மொத்தத்தில் ரொட்டிக்கடை மிகச் சிறியது. ஆனால் சிறியது என்று யாரோ எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே பருவநிலை உடன்படிக்கையும் வந்துவிட்டது. ஒரே கொதிகலனை ஒரே அதிகாரி, கரியமில வாயுவுக்கு ஒரு படிவத்திலும் நைட்ரஜன் ஆக்சைடுக்கு இன்னொரு படிவத்திலும், வேறு வேறு தலைப்பின் கீழ் எழுத வேண்டியிருந்தது. இரண்டு மொத்தமும் ஒத்துவராது. 2002-ல் ஏற்ற வழிகாட்டு விதிகள் இந்தத் தொல்லையைத் தீர்த்தன. பருவநிலைப் படிவத்தின் வகைப்பாட்டை ஒட்டியே மாசுப் படிவமும் அமைந்தது. 2009-லும் 2014-லும் விதிகள் திருத்தப்பட்டன. கணக்கு வெளிப்படையாக, துல்லியமாக, ஆண்டுக்கு ஆண்டு முறை மாறாமல், பிற நாட்டோடு ஒப்பிடும்படி, முழுமையாக இருக்க வேண்டும். பிப்ரவரி 15-க்குள் அட்டவணை, மார்ச் 15-க்குள் விளக்க அறிக்கை. முறையை மாற்றினால் இந்த ஆண்டுக்கு மட்டும் மாற்றக்கூடாது, 1990 வரை பின்னோக்கிப் போய் எல்லா ஆண்டையும் திருத்த வேண்டும். 2008 முதல் வியன்னாவில் ஒரு மையம் இவற்றையெல்லாம் வாங்கிச் சரிபார்க்கிறது. மற்ற நாட்டு நிபுணர்கள் உட்கார்ந்து வரி வரியாகக் கேள்வி கேட்கிறார்கள்.

விதிகளில் நான் உச்சியில் வைப்பது வேறொன்றை. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. நம் ஊர் அடங்கல் ஏட்டில் அந்தக் காலத்துக் கர்ணம் ஒரு புல எண்ணைக்கூட விடாமல், பயிர் இல்லாத இடத்தில் தரிசு என்று எழுதுவார் அல்லவா, அதே ஒழுங்கு. அந்தத் தொழிலே நாட்டில் இல்லை என்றால் என்.ஓ. என்று போட வேண்டும். தொழில் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து இந்த மாசு வராது என்றால் என்.ஏ. வேறு வரியில் சேர்த்துவிட்டோம் என்றால் ஐ.இ., எந்த வரியில் என்றும் சொல்ல வேண்டும். தொழில் ரகசியம் என்றால் சி. இருக்கிறது, வருகிறது, ஆனால் நாங்கள் கணக்கிடவில்லை என்றால் என்.இ. இந்தக் கடைசிக் குறியைப் போட்டால் ஏன் கணக்கிடவில்லை என்று விளக்க வேண்டும்.

இதன் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு ஆலையின் எண்ணெய்ப் பதிவேட்டில். ஃபர்னஸ் ஆயில் மீட்டர் பழுதாகிக் கிடந்த நாட்களில் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தார். தலைமை அலுவலகத்தில் தட்டச்சு செய்தபோது கோடெல்லாம் பூஜ்யமாகிவிட்டது. ஆண்டுக் கூட்டலில் எண்ணெய்ச் செலவு குறைந்தது, கந்தகமும் குறைந்தது. நான் பதிவேட்டையும் அச்சிட்ட தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். "சார், பாய்லர் ஓடிச்சு சார். மீட்டர்தான் ஓடல. அதான் கோடு போட்டேன். சைபர் நான் போடல" என்றார் அவர். நீல மையில், ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள். அந்த மனிதர் என்.இ. என்ற குறியைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அதன் பொருளை அறிந்திருந்தார். ஆண்டறிக்கையில் பூஜ்யம்தான் நின்றது.

சாலை வண்டிகளின் கணக்கில் ஒரு நீண்ட வழக்கு உண்டு. லக்சம்பர்க்கில் டீசல் மலிவு. பக்கத்து நாட்டு லாரிகள் அங்கே நிரப்பிக்கொண்டு வேறு நாட்டில் ஓட்டும். விற்ற எண்ணெய்க்குக் கணக்கா, அந்த நாட்டுச் சாலையில் எரிந்த எண்ணெய்க்கா? விற்றதற்கு என்பது பொது விதி. ஆஸ்திரியா, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து உட்படச் சில நாடுகள் எரிந்ததற்குக் கணக்குக் காட்டவும் விதியில் இடம் கொடுத்தார்கள். விமானத்துக்கு, தரையிலிருந்து 3,000 அடி வரை ஏறுவதும் இறங்குவதும் நாட்டின் மொத்தத்தில் சேரும். அதற்கு மேலே பறப்பது அடிக்குறிப்பாகத் தனியே நிற்கும்.

இதைவிடப் பெரிய சோதனை டீசல் கார்களில் வந்தது. 1999-இன் கோதன்பர்க் நெறிமுறை, 2010-க்கு ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை ஆயிரம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. புது வண்டித் தரங்கள் வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு இவ்வளவு இறங்கும் என்ற நம்பிக்கையில் போட்ட எண்கள் அவை. சோதனைக்கூடத்தில் தேறிய கார்கள் சாலையில் அப்படி ஓடவில்லை. சாலையில் அளந்ததைக் கணக்கில் ஏற்றியபோது பல நாடுகளின் மொத்தம் வரம்பைத் தாண்டியது. அளவு சரியாக எடுத்த நாட்டுக்கே தண்டனையா? 2012-ல் ஒரு வழி செய்தார்கள். உச்சவரம்பு போட்ட காலத்தின் கணக்குமுறைப்படி எவ்வளவு வந்திருக்கும் என்று காட்டி, நிபுணர்கள் ஒத்துக்கொண்டால் அந்த வித்தியாசத்தைக் கழித்து ஒப்பிடலாம். ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், லக்சம்பர்க் போன்றவை விண்ணப்பித்தன. கணக்கில் மட்டும் உண்மையான எண்ணே நிற்கும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது, ஆனால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. எண் திருந்தியது, காற்றுக்கு அந்தக் கழித்தல் தெரியாது. அதே 2012-ல் திருத்திய நெறிமுறை உச்சவரம்பை விட்டுவிட்டு 2005-இன் அளவிலிருந்து இத்தனை சதவீதம் என்று மாறிக்கொண்டது. பி.எம். 2.5 என்ற நுண்துகளும் அதில் சேர்ந்தது.

நுண்துகளோடு வந்தது விறகுப் புகை. ஒரே அடுப்பு, ஒரே கட்டை, ஒரே ஆள் பற்றவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகைக்குழாயில் சூடாகவே வடிதாளை வைத்து அளந்தால் கரித்தூளும் சாம்பலும் மட்டும் தாளில் நிற்கும். எண்ணெய்ப் பசையுள்ள ஆவி தாளைத் தாண்டிப் போய்விடும். அந்தப் புகையைக் குளிர்ந்த காற்றோடு கலந்து, வெளியே வந்து ஆறுகிற நிலைக்குக் கொண்டுவந்து அளந்தால், ஆவி நுண்துளியாக உறைந்து தாளில் ஒட்டும். தாள் பழுப்பேறிப் பிசுபிசுக்கும். எடை பல மடங்கு வரலாம். நார்வே இரண்டாவது முறையில் அளந்தது. வேறு பல நாடுகள் முதல் முறையில் கிடைத்த எண்களை வைத்துக்கொண்டன. இரண்டுமே விதிப்படி சரி, ஏனென்றால் உறையும் பகுதியைச் சேர்க்க வேண்டுமா என்று விதி சொல்லவில்லை. 2015-ல் வந்த ஓர் ஆய்வு ஐரோப்பா முழுவதற்கும் இரண்டாவது முறையிலேயே கணக்கிட்டுப் பார்த்தது. வீட்டு விறகுப் புகையின் நுண்துகள் நாடுகள் அறிவித்ததைப் போல இரண்டு, மூன்று மடங்கு வந்தது. இப்போது உறையும் பகுதியைச் சேர்த்ததா இல்லையா என்று விளக்க அறிக்கையில் சொல்லும்படி நாடுகளைக் கேட்கிறார்கள். சேர்க்காத நாட்டின் எண் இன்னும் சேர்த்த நாட்டின் எண்ணோடு அதே பத்தியில் நிற்கிறது.

இது நமக்கும் ஒட்டிய விஷயம். 1998 ஏப்ரலில் மாலேயில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, ஈரான் ஆகிய எட்டு நாடுகள் ஒரு பிரகடனம் செய்தன. எல்லை தாண்டும் காற்று மாசைக் கட்டுப்படுத்துவது பற்றிய பிரகடனம். கொழும்பில் தலைமையகம் கொண்ட தெற்காசியச் சுற்றுச்சூழல் கூட்டுறவு அமைப்பின் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது அது. ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் உதவியோடு உமிழ்வுக் கணக்குக்கென்று ஒரு கையேடும் அட்டவணைத் தாளும் தயாரித்தார்கள். அதில் விறகும் சாணவரட்டியும் வயலில் எரியும் பயிர்க்கழிவும் இடம்பெற்றன. ஐரோப்பியக் கையேட்டில் ரொட்டிக்கு இருந்த மரியாதை அங்கே வரட்டிக்குக் கிடைத்தது. ஆனால் பிரகடனம் யாரையும் கட்டுப்படுத்தாது. கணக்குத் தர வேண்டிய கட்டாயமோ, தராவிட்டால் கேட்க ஒரு மையமோ கிடையாது. பசுங்குடில் வாயுக் கணக்கை இந்தியா ஐ.நா.வுக்கு முறைப்படி தருகிறது. கந்தகத்துக்கும் நுண்துகளுக்கும் அப்படித் தர வேண்டிய பன்னாட்டுக் கடப்பாடு இல்லை.

அப்படியொரு கடப்பாடு தெற்காசியாவிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1979-ல் ஜெனீவாவில் செய்ததைப் போல, குறைப்பு பற்றிப் பேசாமல் கணக்கை மட்டும் முதலில் கேட்டாலும் போதும். படிவம் எழுத உட்காருகிறவர்கள் வரட்டி, விறகு, வைக்கோல் புகையை ஆறவைத்து அளப்பதா, சூட்டோடு அளப்பதா என்பதை முதல் பக்கத்திலேயே தீர்மானித்து எழுதிவிட வேண்டும். இங்கே வீட்டுப் புகையில் பாதிக்கு மேல் அந்த உறையும் பகுதியாக இருக்கலாம். அதை விட்டுவிட்டு ஆரம்பித்தால், அடுப்படியில் நிற்கும் பெண்கள் சுவாசிக்கும் புகை முதல் அட்டவணையிலேயே பாதியாகிவிடும். பிறகு அதைத் திருத்த ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே வாதாட வேண்டியிருக்கும்.